ஒன்பது மணி சீரியலும் நாலு வயதுப் பிள்ளையும்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. இரவுச் சாப்பாடு எப்போதும் ஆச்சி மடியில்தான், டிவி முன்னால்தான். அன்று ஓடியது ஒரு நாகக்கன்னி சீரியல். பட்டுச்சேலை கட்டிய மருமகள் கண்ணாடி முன் நிற்கிறாள். கண்மணி பச்சையாகிறது, கழுத்தில் செதில் ஏறுகிறது, நாக்கு இரண்டாகப் பிளக்கிறது. அந்த இடத்தில் படம் அப்படியே உறைந்து ‘தொடரும்’ என்று விழுந்தது. பிள்ளை அழவில்லை, கத்தவில்லை. மிச்சமிருந்த இரண்டு வாய் தோசையையும் தின்றுவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் காலை நான் தலைசீவக் கண்ணாடி முன் நின்றபோது, அறை வாசலிலேயே நின்றுகொண்டு, “அம்மா, கண்ணாடியப் பாக்காத” என்றாள். அப்புறம் பத்து நாளைக்கு நான் பட்டுச்சேலை கட்டினால் கிட்டவே வரவில்லை.

புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை வயசுல பேய்ப் படம் காட்டலாம்?” ஒரு எண் சொல்லிவிட்டால் நிம்மதி. அப்படி ஓர் எண் என்னிடம் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை சூடுபட்டு, நானாக ஏற்படுத்திக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: வீட்டில் என்ன ஓடுகிறது என்று கணக்கெடுங்கள்

ஒரு வாரம் போதும். ஹாலில் பிள்ளை இருக்கும் நேரத்தில் எந்தச் சேனலில் என்ன ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கி வைத்தாலே போதும். நான் இதைச் செய்தபோது எனக்கே ஆச்சரியம். ‘பேய் சீரியல்’ என்று நான் நினைத்திருந்தது நாளுக்கு அரை மணி நேரம்தான். அதன் புரோமோ மட்டும் பாட்டு நிகழ்ச்சி, சமையல் நிகழ்ச்சி, பழைய சினிமா என்று எல்லா இடைவேளையிலும் வந்தது. புரோமோ என்றால் ஒரு மணி நேரக் கதையின் பயங்கரத்தை முப்பது வினாடியில் பிழிந்து தருவது. பிள்ளைகள் அதிகம் பயப்படுவது பல நேரம் அதற்குத்தான்.

இன்னும் மூன்றையும் கணக்கில் சேருங்கள். ஒன்று, கொலை, கடத்தல் சம்பவங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகள். இரண்டு, தீபாவளி, பொங்கலுக்கு மத்தியானத்தில் போடும் ‘பேய் காமெடி’ படங்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பதால் குடும்பப் படம் என்று பெயர் வாங்கிவிடும். மூன்று, செய்தி. செய்தியைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

“அவன் தரையில கார் வச்சு விளையாடிட்டுதான இருக்கான், டிவியா பாக்கான்?” என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கண் காரில் இருக்கும், காது டிவியில் இருக்கும். பயத்தில் பாதி காது வழியாகத்தான் உள்ளே போகிறது.

சான்றிதழ் என்ன சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் யு, யு/ஏ, ஏ என்று சான்றிதழ் தருகிறது. 1983 முதல் இருந்த பழைய யு/ஏ என்பதற்கு, 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று பொருள். 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். டிவியில் வரும் பழைய படங்களில் இன்னும் பழைய யு/ஏதான் இருக்கும். ஏ படத்தை டிவியில் அப்படியே போட முடியாது. வெட்டி, மறுசான்று வாங்கித்தான் போடுவார்கள்.

ஓடிடிக்கு 2021இல் வந்த விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என்று வயதைக் காட்ட வேண்டும். பயம், வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணத்தையும் சொல்ல வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் வரும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். வயதைவிட அந்தக் காரணம்தான் நமக்கு வேண்டியது. ஒரே 13+ ஒரு படத்துக்குக் கெட்ட வார்த்தையால் கிடைத்திருக்கும், இன்னொன்றுக்குப் பேயால்.

சரி, சீரியலுக்கு? அதற்குத் தணிக்கைச் சான்றிதழே கிடையாது. ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நெறிப்படி, பெரியவர்களுக்கு மட்டுமானவற்றை இரவு 11 மணிக்கு மேல்தான் போட வேண்டும். எட்டரை, ஒன்பது மணிக்கு வரும் நாகம், ஆவி, ஏவல், பில்லி எல்லாம் பொதுப் பார்வைக்கு உரியவை என்றுதான் கணக்கு. ஆகவே நாலு வயதுப் பிள்ளை அதிகம் பார்க்கும் பயங்கரத்துக்குத்தான் யாரும் வயது போட்டுத் தரவில்லை. அதை நாம்தான் போட வேண்டும்.

பிள்ளையின் கண்ணால் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். நமக்கு எது பயமோ அதுதான் பிள்ளைக்கும் பயம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

அமெரிக்காவில் ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனை உண்டு. 1969இல் வெளிவந்தது. மேனார்ட் என்று ஒரு சாதுவான பூனை. பிள்ளைகள் முதலில் அதைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு பூனையின் வால் பக்கம் தெரியும்படி, முன்பாதியை மட்டும் மறைத்து, அதன் முகத்தில் ஒரு நாய் முகமூடியை மாட்டினார்கள். மறைப்பை எடுத்ததும் மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளோ, ‘உள்ளே பூனைதான், முகமூடி போட்டிருக்கு’ என்றார்கள்.

இதைப் படித்த அன்றுதான் எனக்குக் கண்ணாடி விஷயம் விளங்கியது. நாலு வயதுப் பிள்ளைக்கு உருவம்தான் ஆள். முகம் மாறினால் ஆளே மாறிவிடுகிறாள். மருமகளாக இருந்தவள் பாம்பாக முடியும் என்றால், பட்டுச்சேலை கட்டிய அம்மா ஏன் ஆகக்கூடாது? அவள் கணக்கு சரியான கணக்குத்தான்.

எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஹல்க்’ தொடர் வந்தது. சாதாரண மனிதர் கோபம் வந்தால் பச்சை ராட்சதனாகி நல்லவர்களைக் காப்பாற்றுவார். பெரிய பிள்ளைகளுக்கு அவர் கதாநாயகன். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளோ நடுங்கினார்கள். உங்கள் பிள்ளை எதைப் பார்த்துப் பயந்தது என்று ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் பெற்றோரைக் கேட்டபோது, பலர் சொன்ன பெயர்களில் ஹல்க்கும் ஒன்று. கேன்டர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஏழு வயது வரைக்கும் பிள்ளை பார்வைக்குப் பயப்படும், அதன்பின் நடக்கக்கூடியதற்குப் பயப்படும்.

இரண்டிலிருந்து நாலு வயதில் திடீர்ச் சத்தம், இருட்டு, அருகில் வரும் பெரிய முகம், கோரப்பல், உருமாற்றம். கதை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நல்ல பேய், கெட்ட பேய் என்ற வித்தியாசமும் கிடையாது. காமெடிப் பேய் படத்தின் சிக்கல் இங்கேதான். ஜோக் நமக்குப் போய்ச் சேரும், முகம் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

ஐந்து முதல் ஏழு வரைக்கும் பேய், பிசாசு, பூதம் உச்சத்தில் இருக்கும். கூடவே அம்மா தொலைந்து போவது, செத்துப்போவது. “அது பொய்டா, நடிப்பு” என்றால் தலையாட்டுவார்கள். பகலில் அதைத் தாங்களே சொல்லவும் செய்வார்கள். ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்த அறிவு வேலைக்கு வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

எட்டு வயதுக்கு மேல் ரப்பர் முகமூடிப் பேயைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் திருடன், கடத்தல், தீ விபத்து என்றால் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். உண்மை போல எடுக்கப்பட்டது எதுவாக இருந்தாலும் இவர்களைத்தான் அதிகம் தாக்கும். 1992 அக்டோபர் 31ஆம் தேதி பிபிசி ஒரு பேய் நாடகம் போட்டது. தெரிந்த முகங்களை வைத்து, நேரலை நிகழ்ச்சி போலவே எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த பத்து வயதுப் பையன்கள் இருவருக்கு, விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற மனப் பாதிப்பு வந்ததை 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ‘உண்மைச் சம்பவம்’ என்று தலைப்புப் போட்டு வரும் எதையும் நான் பேயை விடக் கடுமையாக நிறுத்துவது இதனால்தான்.

பத்து நிமிடம் முன்கூட்டிப் பாருங்கள்

முழுப் படத்தையும் முன்னாலேயே உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? பத்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் சத்தத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். படம் மட்டும் என்ன செய்கிறது, பின்னணி இசை மட்டும் என்ன செய்கிறது என்று பிரித்துத் தெரிந்துவிடும். சில சீரியல்களை ஊமையாக வைத்துப் பார்த்தால், நாலு பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதையே அடுப்படியிலிருந்து கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

பார்க்கும்போது நான் மனதில் கேட்டுக்கொள்வது: முகம் மாறுகிறதா? ஆபத்தில் இருப்பது குழந்தையா, அம்மாவா? எங்கே நடக்கிறது? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாழடைந்த பங்களாவிலோ காட்டிலோ நடந்தால் பிள்ளைக்கு அது எங்கோ நடப்பது. பாத்ரூமில், கட்டிலுக்கு அடியில், பொம்மைக்குள், கிணற்றில், கண்ணாடியில் நடந்தால் அது நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பொம்மை எழுந்து நடக்கும் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, என் தங்கை மகன் தன் கரடிப் பொம்மையை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். மூன்று வருடம் அவன் அணைத்துக்கொண்டு தூங்கிய பொம்மை அது.

அப்புறம், முடிகிறதா என்று பாருங்கள். கார்ட்டூனில் பூதம் வந்தால் இருபது நிமிடத்துக்குள் பூதம் தோற்று, எல்லோரும் சிரித்து, பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். பிள்ளையின் பயம் ஏறி இறங்கிவிடும். அந்த இறக்கம் ரொம்ப முக்கியம். பயந்து, பிறகு தப்பித்துவிட்ட சந்தோஷத்தில்தான் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளில் ருசியே பிறக்கிறது. சீரியல் அந்த இறக்கத்தைத் தருவதே இல்லை. கத்தி ஓங்கிய நொடியில், கண் பச்சையான நொடியில் ‘தொடரும்’ போட்டுவிடுகிறது. நாளைக்கு வந்து பார்க்கட்டும் என்பது அவர்கள் வியாபாரம். நாலு வயதுப் பிள்ளை அந்த ஓங்கிய கத்தியை அப்படியே பாயில் கொண்டுபோய்ப் படுக்கிறது. வாரத்தின் கடைசி எபிசோடு என்றால் இன்னும் மோசம், திங்கட்கிழமைவரை கத்தி இறங்காது.

அதனால் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், முடியாத கதை எதுவும் பிள்ளைகள் முன் ஓடக்கூடாது.

உங்கள் பிள்ளை எப்படிப்பட்டது

ஒரே வீட்டில் பிறந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. என் மகள் பயந்தால் ஊமையாகிவிடுவாள். சின்னவனுக்கு இப்போது ஐந்து வயது. அவன் பயந்தால் சத்தமாகச் சிரிப்பான். “எனக்குப் பயமே இல்லையே!” என்று யாரும் கேட்காமலே சொல்வான். அந்த வார்த்தை வந்தால் ரிமோட்டை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்னவை. கண்ணை மூடாமல் காதை மூடுவது. திடீரென்று தண்ணீர் கேட்பது, ஒன்றுக்கு வருகிறது என்பது. மடியில் ஏறி உட்கார்வது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்பது. அடுத்த நாள் தனியாக பாத்ரூம் போக மறுப்பது, நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது. வாய்விட்டு அழும் பிள்ளை நமக்கு வேலையை எளிதாக்கிவிடுகிறது. அழாததுதான் ஏமாற்றிவிடும்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. “ஆம்பளப் புள்ள பேய்க்குப் பயப்படலாமாலே?” என்று மாமா, சித்தப்பா யாராவது கேட்டுவிட்டால், அவன் அந்த நிமிடத்திலிருந்து பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்வான். பயம் போகாது. நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

ஆச்சியிடம் பேசுவது எப்படி

வழிகாட்டிகளில் இது வருவதே இல்லை. ஆனால் கூட்டுக்குடும்பத்தில் முக்கால்வாசிப் பிரச்சினை இதுதான். டிவி அவர்கள் உலகம். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு உட்காரும் ஒரு மணி நேரம் அது. மருமகள் வந்து ‘நிறுத்துங்கள்’ என்றால் கதை வேறு சீரியலாகிவிடும்.

நான் முதல் தடவை சொன்னபோது என் மாமியார் சிரித்துவிட்டார். “இதுல என்னம்மா பயம் இருக்கு? நாங்கல்லாம் சுடுகாட்டு வழியா பள்ளிக்கூடம் போனவுக.”

“நீங்க பெரியவுக அத்தை, தைரியம் உண்டு. இவ ராத்திரி எந்திரிச்சு என் மூஞ்சியத் தடவிப் பாக்கா, நான் பாம்பா ஆயிட்டேனான்னு.”

அதைக் கேட்டதும் அவர் பேசவில்லை. விஷயத்தைப் பிள்ளையின் வாய்ச்சொல்லாகச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்பார். சட்டமாகச் சொன்னால் கேட்கமாட்டார். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. சீரியல் நின்றுபோகவில்லை. பிள்ளையின் சாப்பாடு எட்டு மணிக்கு, அடுப்படித் திண்ணையில். ஒன்பது மணிக்குள் உள்ளறையில் தூக்கம். தூங்காத நாளில் அத்தைக்கு மொபைலில் மறு ஒளிபரப்பு, காதில் இயர்போன். இயர்போன் பழக ஒரு வாரம் ஆனது. பிறகு, “இதுல வசனமெல்லாம் தெளிவா கேக்குடீ” என்று அவரே சொன்னார்.

பூட்டு போடுவது

இதில் பேச அதிகம் இல்லை, செய்துவிட்டால் முடிந்தது. டிடிஎச் பெட்டியில் சேனலைப் பின் எண் போட்டுப் பூட்டலாம். பெட்டியோடு வந்த பின் எண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள், அதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். ஓடிடியில் பிள்ளைக்குத் தனிப் புரொஃபைல் வையுங்கள், உங்கள் புரொஃபைலுக்கு பின் எண் போடுங்கள். யூடியூப் கிட்ஸில் 4 வயதுவரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று பிரித்துத் தேர்ந்தெடுக்கலாம். சாதா யூடியூபைப் பிள்ளை கையில் கொடுத்தால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். 2017இல், தெரிந்த கார்ட்டூன் முகங்களை வைத்துக் கோரமான வீடியோக்கள் செய்து பிள்ளைகள் கண்ணில் படும்படி விட்டிருந்தது பெரிய செய்தியானது. அட்டைப்படத்தை மட்டும் பார்த்து நம்ப முடியாது.

பூட்டு, நீங்கள் இல்லாத நேரத்துக்குத்தான். அதைப் போட்டுவிட்டதால் மேலே சொன்ன வேலை குறைந்துவிடாது.

பயந்துவிட்டது, இனி என்ன செய்வது

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் தப்பிவிடும். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வரும், பஸ்ஸில் போட்ட படத்தைப் பார்த்துவிடும்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் விளக்கம் சொல்வதை முதலில் வைக்காதீர்கள். தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், கூடப் படுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி திருநீறு பூசினால் தடுக்காதீர்கள். தர்காவில் ஓதிவிட்டு வந்தாலும் சரி, வேப்பிலை வருடினாலும் சரி. பிள்ளைக்கு வேண்டியது, ‘எனக்காக ஒரு பெரியவர் ஒன்றைச் செய்துவிட்டார்’ என்ற உறுதி. ஆனால் திருநீறு பூசிக்கொண்டே, “அந்தப் பேய் இனி வராது” என்று சொன்னால் பேய் இருக்கிறது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். “சாமி கூட இருக்கும், தூங்கு” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் ‘பூச்சாண்டியைக் கூப்பிடுவேன்’ என்று மிரட்டும் வழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடுவது நல்லது.

விளக்கம் மறுநாள் பகலில். அதையும் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்து காட்டுவது மேல். 1980 வாக்கில் அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துநர் ஃபிரெட் ரோஜர்ஸ், ஹல்க் படப்பிடிப்புத் தளத்துக்கே போய், நடிகருக்குப் பச்சை வண்ணம் பூசுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். எனக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது குலசேகரப்பட்டினம்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் குலசைத் தசரா என்றால் தெருவெல்லாம் வேஷம்தான். விரதமிருந்து காளி, குறவன், கரடி, ராஜா என்று வேஷம் கட்டி முத்தாரம்மனுக்குக் காணிக்கை பிரிப்பார்கள். அந்த வருடம் காளி வேஷத்தைப் பார்த்ததும் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நீட்டிய சிவப்பு நாக்கு, கோரப்பல், பின்னால் விரிந்த கைகள். நல்லவேளையாக அந்தக் காளி நேரே டீக்கடை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். நாக்கைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். வேர்வையில் மை கரைந்த முகத்தோடு, “மாஸ்டர், சீனி கம்மியா ஒரு டீ” என்றார். மகள் என் தோளிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினாள். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றோம். கிளம்பும்போது நாக்கை மறுபடி மாட்டிக்கொண்டு இவளைப் பார்த்துக் கும்பிட்டார். இவளும் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து பவுடர், மை, குங்குமம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டோம். கண்ணாடி முன்னால் முதலில் எனக்கு அவள் வேஷம் போட்டாள், பிறகு அவளுக்கு நான். கொஞ்சம் பூசுவது, ‘இப்போ நான் யாரு?’ என்று கேட்பது, மறுபடி பூசுவது. முழுவதும் பூசிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுவது. கழுவும் பகுதியை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் அம்மா திரும்ப வருகிறாள். கண்ணாடிப் பயம் அந்த வாரத்தோடு போனது.

இரவுத் தூக்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விடியலை ஒட்டிப் பிள்ளை விழித்து, கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. அணைத்தால் அடங்கும். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கண்ணைத் திறந்தபடியே அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டு, காலையில் ஒன்றுமே நினைவில்லை என்றால் அது வேறு. தூக்கத்தின் ஆழத்தில் வருவது, பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். உலுக்கி எழுப்பாமல், விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதை ‘எதையோ பார்த்துப் பயந்துட்டான்’ என்று கொண்டு அலைய வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போக மறுத்து, சாப்பாடும் குறைந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பேய் இல்லாத பயம்

2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து செவ்வாய் விடியற்காலைவரை, நடுவில் தீபாவளி. செய்திச் சேனல்கள் விடாமல் காட்டின. நாங்களும் டிவியை அணைக்கவே இல்லை. பட்டாசு வாங்கி வைத்தபடி கிடந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. பேய், பாம்பு எல்லாம் அவள் முன்னால் ஓடாமல் பார்த்துப் பார்த்துத் தடுத்து வைத்திருந்தேன். இதைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் நானே அழுதுகொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குளித்தாள். தெருவில் சாக்கடை மூடியைத் தாண்ட மாட்டேன் என்றாள். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்ததால், எத்தனை பிள்ளைகள் விழுந்தார்கள் என்று என்னிடம் கேட்டாள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்தியை ஒரு வேளை மட்டும், அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பேப்பரில் படித்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்துவிட்டால் மறைக்க வேண்டாம். ஒரே குழந்தை, ஒரே இடம், நம் தெருவில் அப்படித் திறந்த குழி இல்லை என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம். நாங்கள் தெருவில் இருந்த நாலு மூடிகளையும் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்றாவது மூடி கொஞ்சம் ஆடியது. பேரூராட்சி அலுவலகத்தில் சொல்லி அதை மாற்ற இரண்டு மாதம் ஆனது.

பயமே காட்டாமல் வளர்க்கலாமா

தேவையில்லை. என் மாமியார் சொல்லும் பனங்காட்டுப் பேய்க் கதைகளை என் பிள்ளைகள் இருவருக்கும் நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அதுவும் பேய்தான், இருட்டில்தான் சொல்கிறார். ஆனால் சொல்லும்போது அவர் கண் பிள்ளை முகத்தில் இருக்கிறது. சின்னவன் போர்வையை இழுத்து மூக்குவரை போர்த்திக்கொண்டால் பேய்க்குத் தும்மல் வந்துவிடும். சிரித்துவிட்டால் பேய் மறுபடி மரத்தில் ஏறும். டிவிக்கு அந்தக் கண் இல்லை. அதனால் டிவியில் பார்க்கும்போது அந்த வேலையை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும், ரிமோட் கையில் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். போன வருடம் ஓடி ஒளிந்தது இந்த வருடம் அலுத்துப்போயிருக்கும், புதிதாக ஒன்று முளைத்திருக்கும். மகள் இப்போது தோழிகளோடு பேய்ப் படம் பார்க்க அனுமதி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டாள். போன மாதம் ஒரு 13+ படத்தைப் பத்து நிமிடம் நான் முன்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். “கண்ணாடி வருதாம்மா?” என்றாள். வருகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பகல்ல பாக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.